இரு நாட்டு உறவைப் படிப்பது எப்படி: ரஷ்யா–எஸ்டோனியாவை வைத்து ஒரு பாடம்

ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போடுங்கள். இடது பக்கம் ரஷ்யா, வலது பக்கம் எஸ்டோனியா என்று எழுதுங்கள். இரண்டு பெயருக்கும் கீழே ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுத வேண்டும்: இந்த உறவின் கணக்கை இவர்கள் எந்த வருடத்திலிருந்து தொடங்குகிறார்கள்?

நாளிதழ் ஒன்றின் வெளிநாட்டுச் செய்தி டெஸ்க்கில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். இதழியல் படிக்கும் பிள்ளைகளும் போட்டித் தேர்வு எழுதுகிறவர்களும் வந்து, "சார், இருதரப்பு உறவு பத்தி ஒரு கட்டுரை எழுதணும், எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்டால் இந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுவேன். அவர்கள் வழக்கமாகத் தொடங்கும் இடம் வேறு. தூதரக உறவு ஏற்பட்ட தேதி, வர்த்தகத்தின் மதிப்பு, எந்தத் தலைவர் எப்போது பயணம் போனார், கடைசியில் 'சவால்களும் வாய்ப்புகளும்' என்று ஒரு பத்தி. மதிப்பெண் வந்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் நாளைக் காலையில் அந்த இரண்டு நாடுகளுக்கும் நடுவே ஏதாவது வெடித்தால், அது ஏன் வெடித்தது என்று அந்தக் கட்டுரையை எழுதியவருக்கே தெரியாது.

ரஷ்யா–எஸ்டோனியாவை நான் எடுத்துக்கொள்வதற்கு ஒரு வசதி இருக்கிறது. எல்லாம் கைக்கு அடங்கும் அளவில் இருக்கின்றன. எஸ்டோனியாவின் மக்கள்தொகை 13 லட்சத்துக்குச் சற்று மேல். மதுரை மாநகரையும் அதை ஒட்டிய ஊர்களையும் சேர்த்தாலே அந்த அளவு வந்துவிடும். ரஷ்யாவில் 14 கோடிக்கும் மேல். இருவருக்கும் பொதுவான எல்லை ஏறத்தாழ 300 கிலோமீட்டர், அதிலும் பெரும்பகுதி நார்வா ஆறும் பைபஸ் ஏரியும்தான். படிக்க வேண்டிய ஒப்பந்தங்கள் குறைவு, சண்டைகள் நிறைய. பழகுகிறவருக்கு இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

முதலில் தேதி

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எஸ்டோனியா, 1991இல் சோவியத் யூனியன் உடைந்தபோது பிறந்த புது நாடு. தாளின் இடது பக்கத்தில், ரஷ்யாவின் கீழே, அந்த வருடத்தையே எழுதிக்கொள்ளுங்கள். மாஸ்கோவின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் ஒரு எஸ்டோனியரிடம் "உங்கள் நாடு 1991இல் பிறந்தது" என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். அவர்களுக்குச் சுதந்திர நாள் 1918 பிப்ரவரி 24. தாளின் வலது பக்கத்தில் 1918 என்று எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் போர் நடந்து, 1920 பிப்ரவரி 2 அன்று டார்ட்டு நகரில் சோவியத் ரஷ்யாவோடு ஒப்பந்தம் ஆனது. எஸ்டோனியாவின் சுதந்திரத்தை ரஷ்யா ஏற்றுக்கொண்டு, அந்த மண்ணின் மீதான உரிமைகளை என்றென்றைக்குமாக விட்டுக்கொடுத்தது. ஒன்றரைக் கோடி தங்க ரூபிளும் கொடுத்தது.

1939 ஆகஸ்ட்டில் ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத்தும் கிழக்கு ஐரோப்பாவை ரகசியமாகப் பங்கு போட்டன. 1940 ஜூனில் செம்படை எஸ்டோனியாவுக்குள் வந்தது, ஆகஸ்ட்டில் நாடே சோவியத்தோடு சேர்க்கப்பட்டது. இதை ஆக்கிரமிப்பு என்கிறது எஸ்டோனியா. ஆக்கிரமிப்பு என்றால் நாடு சாகவில்லை, அதன் கழுத்தை யாரோ பிடித்திருந்தார்கள் என்று பொருள். ஆகவே 1991 ஆகஸ்ட் 20 அன்று நடந்தது பிறப்பு ஆகாது, மீட்பு. ரஷ்ய அரசு ஆக்கிரமிப்பு என்பதை ஏற்பதில்லை. 1940இல் முறைப்படி சேர்ந்தார்கள், அத்தோடு டார்ட்டு ஒப்பந்தம் வரலாறாகிவிட்டது என்பது அதன் வாதம். அமெரிக்கா 1940 ஜூலையிலேயே இதைக் கண்டித்தது, கடைசி வரை அந்த இணைப்பை ஏற்கவே இல்லை என்பதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தேதிச் சண்டை வரலாற்றுப் பேராசிரியர்களின் விவகாரம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். எல்லை எது, குடிமக்கள் யார், நடுத்தெருவில் நிற்கும் சிலை விடுவிக்க வந்தவனுடையதா பிடிக்க வந்தவனுடையதா என்ற எல்லாச் சண்டைகளுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. பிறகு வரும் ஒவ்வொரு செய்தியையும் இந்தத் தாளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஒப்பந்தங்கள்

ஒப்பந்தம் என்று வந்தால் மூன்று கட்டம் போடுங்கள்: கையெழுத்து, நாடாளுமன்ற ஒப்புதல், அமல். செய்தியில் கையெழுத்துக்குத்தான் படம் வரும். இரண்டாவது கட்டத்தில்தான் பல ஒப்பந்தங்கள் தூங்குகின்றன.

மூன்று கட்டமும் நிறைந்த ஒன்று முதலில். 1994 ஜூலை 26 அன்று மாஸ்கோவில் எஸ்டோனிய அதிபர் லென்னார்ட் மெரியும் ரஷ்ய அதிபர் யெல்ட்சினும் கையெழுத்திட்டார்கள். ரஷ்யப் படை ஆகஸ்ட் 31க்குள் வெளியேற வேண்டும், பதிலுக்கு எஸ்டோனியாவில் தங்கிவிட்ட ஓய்வுபெற்ற சோவியத் ராணுவத்தினருக்குச் சமூகப் பாதுகாப்பு தர வேண்டும். படை சொன்ன நாளில் போனது. பல்டிஸ்கி என்ற கடற்கரை ஊரில் அணு நீர்மூழ்கிப் பயிற்சிக்கென்று இரண்டு அணு உலைகள் இருந்தன, அதையும் 1995 செப்டம்பரில் ஒப்படைத்தார்கள். எதிரும் புதிருமாக இருக்கிறவர்களுக்குள்ளும் கணக்கு நேராகும் தருணம் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது கட்டத்திலேயே நிற்கும் ஒன்று எல்லை ஒப்பந்தம். இதற்குத்தான் நான் வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். டார்ட்டு ஒப்பந்தப்படி நார்வா ஆற்றுக்குக் கிழக்கே ஒரு பட்டையும், தெற்கே பெட்சேரி பகுதியும் எஸ்டோனியாவுடையவை. இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் சோவியத் நிர்வாகம் அவற்றை ரஷ்யக் குடியரசோடு சேர்த்தது. பழைய எஸ்டோனியாவின் பரப்பில் சுமார் 5 சதவீதம் இப்படிப் போனது. சுதந்திரத்துக்குப் பிறகு எஸ்டோனியா யதார்த்தத்தைப் பார்த்தது. அந்த நிலம் திரும்ப வரப்போவதில்லை, நேட்டோவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர வேண்டும், இப்போதிருக்கும் எல்லைக்கோட்டையே ஏற்போம் என்று வந்தது.

2005 மே 18 அன்று இரு வெளியுறவு அமைச்சர்களும், உர்மாஸ் பயேத்தும் செர்கேய் லாவ்ரோவும், மாஸ்கோவில் கையெழுத்திட்டார்கள். அடுத்த மாதம் எஸ்டோனிய நாடாளுமன்றமான ரீகிகோகு ஒப்புதல் தந்தது. ஆனால் ஒப்புதல் சட்டத்தின் முகவுரையில் நாட்டின் சட்டத் தொடர்ச்சி, டார்ட்டு ஒப்பந்தம் ஆகியவற்றைக் குறிக்கும் வரிகளைச் சேர்த்தது. ஒப்பந்தத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. இருந்தும், இது நாளை நிலம் கேட்பதற்கு வாசல் திறந்து வைப்பது என்று சொல்லி ரஷ்யா தன் கையெழுத்தையே திரும்பப் பெற்றது. தாளில் இருக்கும் அந்த இரண்டு வருடங்களைத் திரும்பப் பாருங்கள். நிலம் எவ்வளவு என்பதில் இருவருக்கும் சண்டையே இல்லை. 1920 செல்லுமா என்பதில்தான் சண்டை.

2014 பிப்ரவரி 18 அன்று அதே இரண்டு அமைச்சர்கள் மறுபடி கையெழுத்திட்டார்கள். இந்த முறை, இது எல்லைக்கோட்டை மட்டுமே முடிவு செய்கிறது, யாருக்கும் நில உரிமைக்கோரல் கிடையாது என்ற வாசகமும் சேர்ந்தது. ஒரு மாதத்துக்குள் உக்ரைனின் கிரீமியா ரஷ்யாவோடு சேர்க்கப்பட்டது. இரு நாடாளுமன்றங்களும் அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றவில்லை.

"நிறைவேறாவிட்டால் என்ன சார், கோடு அங்கேயேதானே இருக்கு?" என்று எப்போதும் ஒருவர் கேட்பார். அவருக்காகவே சாட்சே இருக்கிறது. தென்கிழக்கு எஸ்டோனியாவில் ரஷ்ய நிலம் பூட்ஸ் கால் மாதிரி உள்ளே நீண்டிருக்கிறது, சாட்சே பூட் என்றே பெயர். எஸ்டோனியாவின் கிராமச் சாலை ஒன்று ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அதன் ஊடாகப் போகிறது. விசா வேண்டியதில்லை, ஆனால் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கி நடக்கக் கூடாது என்றிருந்தது. எல்லை ஒப்பந்தம் அமலாகியிருந்தால் நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொண்டு அந்தத் துண்டு எஸ்டோனியாவுக்கு வந்திருக்கும். வரவில்லை. 2025 அக்டோபரில் அந்த இடத்தில் ரஷ்ய ஆயுதக் குழு ஒன்று நடமாடியதைப் பார்த்து எஸ்டோனியா சாலையையே மூடிவிட்டது. முகவுரையில் சேர்ந்த சில வரிகள், இருபது வருடம் கழித்து ஒரு கிராமத்துக்காரரைச் சுற்றுப்பாதையில் போக வைக்கின்றன.

வரைபடத்தில் ஒரே ஒரு இடம்

நாடு முழுக்கப் பார்க்காதீர்கள், ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே அது நார்வா. ஆற்றின் இந்தக் கரையில் ஹெர்மன் கோட்டை, எதிர்க்கரையில் ரஷ்யாவின் இவான்கோரோத் கோட்டை. ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு ஐந்து நூற்றாண்டாக நிற்கின்றன. நடுவே ஒரு சிறிய பாலம், பெயர் நட்புப் பாலம். வேண்டுமென்றே வைத்த கேலி இல்லை, சோவியத் காலத்துப் பெயர்.

1944இல் குண்டுவீச்சில் பழைய நார்வா தரைமட்டமானது. பழைய குடிகள் பெரும்பாலும் திரும்ப விடப்படவில்லை. ஆலைகளுக்காக ரஷ்யாவிலிருந்தும் பிற சோவியத் பகுதிகளிலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறினார்கள். இன்று ஊரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரஷ்ய மொழிக்காரர்கள். 2022 ஜூனில் புதின், பழைய ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் ஸ்வீடனிடமிருந்து எதையும் பறிக்கவில்லை, திரும்ப எடுத்துக்கொண்டார் என்று பேசியபோது நார்வாவையும் சேர்த்துச் சொன்னார். எஸ்டோனியத் தலைநகர் டாலின் உடனே ரஷ்யத் தூதரை அழைத்துக் கேட்டது. ஆகஸ்ட்டில் நார்வாவின் சாலையோரம் நின்ற சோவியத் டி-34 டாங்கியை எஸ்டோனிய அரசு அகற்றிவிட்டது.

ஆனால் நான் பிள்ளைகளிடம் பாலத்தின் நேரத்தைத்தான் குறித்து வைக்கச் சொல்வேன். 2024 பிப்ரவரியில் ரஷ்யா தன் பக்கச் சோதனைச்சாவடியைப் புதுப்பிப்பதாகச் சொல்லி வாகனங்களை நிறுத்தியது, நடந்து போகிறவர்களுக்கு மட்டும் வழி. மே மாதம் முதல் எஸ்டோனியா இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணி வரை பாலத்தை மூடத் தொடங்கியது. அதே மே மாதம் 23ஆம் தேதி அதிகாலை, ஆற்றில் எஸ்டோனியா போட்டிருந்த 50 மிதவைகளில் 24ஐ ரஷ்ய எல்லைக் காவலர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். படகுகள் தெரியாமல் எல்லை தாண்டக் கூடாது என்று வருடாவருடம் போடும் மிதவை அது. ஆற்றின் அடித்தளம் நகர்வதால் இரண்டு பக்கமும் பேசி இடத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். ரஷ்யா ஒத்துவராமல் போனதும் எஸ்டோனியா 2022இல் ஒப்புக்கொண்ட கோட்டின்படியே போட்டது. இவையெல்லாம் பெரிய பத்திரிகைகளில் உள்பக்கத் துணுக்காக வரும். தலைவர்களின் பேச்சை விட்டாலும் பரவாயில்லை, இந்தத் துணுக்குகளை விடாதீர்கள்.

மே 9 வந்தால் நார்வாவைப் பாருங்கள். ரஷ்யாவுக்கு அது வெற்றி நாள். 2023 முதல் இவான்கோரோத் கரையில் நார்வா மக்களைப் பார்த்தபடி பெரிய திரை வைத்துக் கச்சேரி. இந்தக் கரையில், புதினைப் போர்க் குற்றவாளி என்று சொல்லும் ராட்சதப் பதாகையைக் கோட்டைச் சுவரில் தொங்கவிடுகிறது அருங்காட்சியகம்.

நடுவில் மாட்டியவர்கள்

பெரிய நாடு கெட்டது, சின்ன நாடு பாவம் என்று எழுதுவது சுலபம். குடியுரிமையைப் படித்தால் அந்தச் சுலபம் போய்விடும். நாடு 1918இலிருந்து தொடர்கிறது என்றால், குடிமக்களும் 1940க்கு முன் குடிமக்களாக இருந்தவர்களும் அவர்களின் வாரிசுகளும்தான். 1992இல் எஸ்டோனியா அப்படியே சட்டம் போட்டது. சோவியத் காலத்தில் வந்தவர்கள், அங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகள் உட்பட, எஸ்டோனிய மொழித் தேர்வு எழுதித்தான் குடியுரிமை வாங்க வேண்டியிருந்தது. மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் எந்த நாட்டுக்கும் உரியவர் இல்லை என்றானது. அவர்கள் கையில் சாம்பல் நிறப் பாஸ்போர்ட். சிலர் ரஷ்யக் குடியுரிமை வாங்கிக்கொண்டார்கள், பலர் தேர்வு எழுதினார்கள், இப்போது மிச்சம் இருப்பது சிறு பகுதி. உள்ளாட்சித் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இருந்தது. 2025 மார்ச்சில் அரசியலமைப்பைத் திருத்தி ரஷ்ய, பெலாரஸ் குடிமக்களின் ஓட்டு நீக்கப்பட்டது. நாடற்றவர்களுக்கு அந்த அக்டோபர் தேர்தலே கடைசி.

தர்க்கப்படி எஸ்டோனியா தன் தேதிக்கு உண்மையாக இருந்தது. ஆனால் நார்வாவில் பிறந்து, வேறு ஊரே பார்க்காத ஒருவருக்கு அந்தத் தர்க்கம் கொடுமையாகத்தான் இருந்திருக்கும். இரண்டையும் எழுதுங்கள். ரஷ்யா இந்த மக்களின் பெயரைச் சொல்லித்தான் முப்பது வருடமாக எஸ்டோனியாவைச் சாடுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, நம் ஆட்களுக்கு மட்டும். என் தலைமுறை மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகங்களை என்சிபிஎச் (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) கடையில் சல்லிசாக வாங்கிப் படித்து வளர்ந்தது. அந்தப் பாசம் இன்னும் பல டெஸ்க்குகளில் உட்கார்ந்திருக்கிறது. பாசம் இருக்கட்டும். 1949 மார்ச்சில் எஸ்டோனியாவிலிருந்து 20,000 பேருக்கு மேல் சைபீரியாவுக்கு ஏற்றி அனுப்பப்பட்டதையும் அந்தப் புத்தக அலமாரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

சம்பவம் நடந்தால் அடுத்த மாதத்தைப் பாருங்கள்

2007 ஏப்ரல் கடைசியில் டாலின் நடுவே இருந்த சோவியத் வீரனின் வெண்கலச் சிலையை அரசு பெயர்த்து ராணுவக் கல்லறைக்கு மாற்றியது. ரஷ்ய மொழிக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள், இரண்டு இரவு கலவரம், ஒருவர் இறந்தார். செய்தி பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் நடந்ததுதான் உறவின் நிஜமான எடை. வங்கிகள், பத்திரிகைகள், அரசுத் தளங்கள் மீது வாரக்கணக்கில் இணையத் தாக்குதல் நடந்தது, ரஷ்ய அரசு தனக்குத் தொடர்பில்லை என்றது. மாஸ்கோவில் எஸ்டோனியத் தூதரகத்தை இளைஞர் கூட்டம் முற்றுகையிட்டது. தண்டவாளப் பழுது என்று சொல்லி எஸ்டோனியா வழியே போகும் சரக்கு ரயில்கள் குறைக்கப்பட்டன. அடுத்த வருடம் நேட்டோவின் இணையப் பாதுகாப்பு மையம் டாலினில் வந்து உட்கார்ந்தது. ஒரு சம்பவத்துக்குப் பின் ரயில், மின்சாரம், எரிவாயு, விசா ஆகியவற்றில் என்ன மாறியது என்று தேடுங்கள். மின்சாரத்தில் முடிவு 2025 பிப்ரவரியில் வந்தது: எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா என்ற மூன்று பால்டிக் நாடுகளும் ரஷ்ய மின்கட்டமைப்பிலிருந்து கழன்று ஐரோப்பியக் கட்டமைப்போடு சேர்ந்துகொண்டன.

மறுபக்கமும் உண்டு. 2014 செப்டம்பரில் எஸ்டோனியப் பாதுகாப்பு அதிகாரி எஸ்டன் கோஹ்வர் எல்லையருகே பிடிக்கப்பட்டு மாஸ்கோ கொண்டுபோகப்பட்டார். எங்கள் மண்ணில் வந்து கடத்தினார்கள் என்றது எஸ்டோனியா, எங்கள் மண்ணில் பிடித்தோம் என்றது ரஷ்யா. 15 வருடத் தண்டனை விதித்தார்கள். சில வாரத்திலேயே, 2015 செப்டம்பர் 26 அன்று, பியூசா ஆற்றுப் பாலத்தில் வைத்து, எஸ்டோனியச் சிறையில் இருந்த ரஷ்ய உளவாளிக்குப் பதிலாக அவரை மாற்றிக்கொண்டார்கள். பேச்சே இல்லை என்று வெளியில் தெரிகிற நாளிலும் யாரோ யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

தூதரக ஏணி

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். கீழிருந்து மேலே: தூதரை அழைத்துக் கண்டிப்பது, அதிகாரிகளை வெளியேற்றுவது, துணைத் தூதரகங்களை மூடுவது, தூதரையே அனுப்பிவிடுவது, கடைசியில் உறவை முறிப்பது. 2022 ஏப்ரலில் நார்வாவிலும் டார்ட்டுவிலும் ரஷ்ய அலுவலகங்கள் மூடப்பட்டன, பதிலுக்குச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் ப்ஸ்கோவிலும் எஸ்டோனிய அலுவலகங்கள். 2023 ஜனவரியில், மாஸ்கோவில் எங்களுக்கு எத்தனை பேரோ அத்தனை பேர்தான் உங்களுக்கும் என்றது எஸ்டோனியா. ரஷ்யா எஸ்டோனியத் தூதரைப் போகச் சொன்னது, எஸ்டோனியாவும் அப்படியே செய்தது. பிப்ரவரி 7க்குப் பிறகு இரண்டு தலைநகரிலும் பொறுப்புத் தூதர்கள்தான். ஒரு செய்தி வரும்போது ஏணியில் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்திருந்தால், அது புதுப் படியா, பழைய படியில் கால் மாற்றியதா என்று சொல்லிவிடலாம்.

எழுத உட்காரும்போது

ஒரே நாளில் இரண்டு பக்க அறிக்கையையும் படியுங்கள். இரண்டு வெளியுறவு அமைச்சகங்களுக்கும் ஆங்கிலப் பக்கம் உண்டு, எஸ்டோனியாவின் பொது ஒலிபரப்பான ஈஆர்ஆர் தினமும் ஆங்கிலத்தில் செய்தி போடுகிறது. 2025 செப்டம்பர் 19 அன்று மூன்று ரஷ்ய மிக்-31 விமானங்கள் வைன்ட்லோ தீவருகே 12 நிமிடம் தன் வான்வெளிக்குள் இருந்ததாக எஸ்டோனியா சொன்னது, நேட்டோவின் நான்காம் பிரிவுப்படி ஆலோசனையும் கேட்டது. ரஷ்யா மறுத்தது. இதில் யார் சொன்னது எது என்பது ஒவ்வொரு வாக்கியத்திலும் தெரிய வேண்டும். 'எனக் கூறப்படுகிறது' என்று முடித்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். கூறியது யார்?

தலைப்பில் 'உறவில் விரிசல்' வேண்டாம். 2005இலும் விரிசல், 2007இலும் விரிசல், 2023இலும் விரிசல் என்றால் வாசகர் அதில் எதைப் புரிந்துகொள்வார்? 'நார்வா பாலம் இரவில் மூடல்' என்று நடந்ததையே போடுங்கள். 'புதிய நாடு', 'முன்னாள் சோவியத் நாடு' என்ற அடைமொழிகளையும் யோசித்துப் போடுங்கள், ஏனென்றால் அதைப் போட்ட உடனே தாளின் ஒரு பக்கத்துக்கு நீங்கள் ஓட்டுப் போட்டுவிடுகிறீர்கள்.

எழுதிய செய்தியை அனுப்புவதற்கு முன் மூன்றை மட்டும் அன்றைய தேதிக்குச் சரிபாருங்கள். எல்லை ஒப்பந்தம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, தூதர் பதவி காலியாக இருக்கிறதா, நார்வா பாலம் எத்தனை மணிக்குத் திறக்கிறது. இதில் ஏதாவது மாறியிருந்தால் அதுதான் உங்கள் லீட், அதாவது செய்தியின் முதல் வரி, மற்றதெல்லாம் அதற்குக் கீழே.